இறக்கிய பாயைக் கட்டுவது குறித்து ஆரணி கண்ட தீர்வு

கடல் இல்லாத ஊர்தான் படகுக் கலைக்கு உகந்த ஊர் என்ற பேருண்மையை உலகுக்கு முதன்முதலில் உணர்த்திய பெருமை ஆரணியைச் சேரும். கடற்கரைக்காரர்களுக்குப் படகு வெறும் பிழைப்பு. ஏறுவார்கள், போவார்கள், மீனோடு திரும்புவார்கள். இறக்கிய பாயை எதனால் கட்டுவது, எத்தனை இடத்தில் கட்டுவது, கட்டுகிறவரின் பதவி என்னவாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. ஆரணி யோசித்தது. ஐந்து மாதம் விடாமல் யோசித்தது.

இவ்வளவுக்கும் காரணம் பானுப்ரியா எழுதிய இரண்டு வரிக் கடிதம். முள்ளிப்பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண் அவள். செய்யார் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை மோத மோதத் தூங்கியே நான்கு வருஷம் போய் வந்தவள். ஊர்ப் பெரிய ஏரிக்கு 'சுற்றுலா மேம்பாடு' என்று ஒரு சின்னப் பாய்மரப் படகு வந்தபோது அதை ஓட்ட ஆள் கேட்டார்கள். விண்ணப்பித்தது இவள் ஒருத்திதான். சென்னைக்கு அனுப்பி ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருஷ ஒப்பந்தம். அதற்குள் படகு விட்டு, ஒரு குறையும் இல்லை என்று மேலிடம் எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் அந்த ஜன்னல் கம்பி.

கடிதத்தில் அவள் எழுதியது இதுதான்: 'இறக்கிய பாய் காற்றில் பறக்கிறது. கட்டி வைக்க மூன்று துண்டு கயிறு வேண்டும்.'

படகு மன்றச் செயலாளர் சந்திரமோகன் பொறுப்பான மனிதர். கடிதம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு குழு போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. அன்று மாலையே 'இறக்கப்பட்ட பாய் பாதுகாப்பு உயர்மட்டக் குழு' பிறந்தது. பட்டு ஜவுளிக் கடை ரங்கசாமி, செய்யாரில் பட்டறை வைத்திருக்கும் பன்னீர்செல்வம், முப்பது தறிக்கு வேலை கொடுக்கும் சடையப்பன் ஆகியோர் உறுப்பினர்கள். மூவரும் படகைப் படத்தில் பார்த்திருந்தார்கள். ஆகவே நடுநிலை பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

"நீ எப்படிம்மா கட்டலான்னு இருக்கற?" என்று பெருந்தன்மையோடு ஆரம்பித்தார் சந்திரமோகன்.

"புடவைக்குக் கொசுவம் வெக்கறா மாதிரி பாயை மாத்தி மாத்தி மடிச்சு, அடிக்கம்பு மேலயே படுக்க வெக்கணும் சார். மூணு எடத்துல கட்டணும். நுனியப் புடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல அவுந்துடணும்."

குழு திடுக்கிட்டது.

"ஒரே இழுப்புல அவுர்றதுக்கு எதுக்கும்மா கட்டணும்?" என்றார் பன்னீர்செல்வம். "இரும்புல பட்டை அடிச்சு பூட்டு போட்டுடலாம். சாவி ஆபீஸ்ல இருக்கட்டும்."

"ஏரி நடுவுல காத்து வந்தா சாவிக்கு எங்க போறதுங்க?"

"கடுதாசி குடு. அனுப்பி வெப்பாங்க."

ரங்கசாமிக்குக் கயிறு என்ற சொல்லே காதில் நாராசமாக விழுந்தது. "ஆரணியில வந்து கயிறு கட்டறதா? ஊர் மானம் போயிடும். பட்டு நாடா கட்டலாம். சரிகை போட்டது. நானே தரேன், அசல் பட்டு. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி பாயை எடுத்து மடிப்பு மாத்தி வெச்சா போதும்."

கடைசியாகச் சடையப்பன் கனைத்துக்கொண்டார். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என் கையால போட்ட முடிச்சு இதுவரைக்கும் அவுந்தது இல்ல."

உண்மைதான். ஆயிரக்கணக்கான இழை ஓடும் தறிப் பாவில் ஒன்று அறுந்தால் அதைச் சேர்த்து அவர் போடும் முடிச்சு கண்ணுக்கே தெரியாது. புடவை கிழிந்தாலும் கிழியுமே தவிர முடிச்சு அவிழாது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவிழாத முடிச்சில் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். முடிச்சுக்கு வேறொரு தர்மமும் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றாததில் வியப்பில்லை. பானுப்ரியாவுக்கே ஆறு வாரப் பயிற்சியில் முதல் வாரம் பூராவும் அவிழும் முடிச்சு போடக் கை கூசியது.

"அவுரணும் சார். அவுரலன்னா பாய் ஏத்த முடியாது. பாய் ஏத்தலன்னா படகு நம்ம பேச்சைக் கேக்காது."

"கட்டறதுக்குத்தாம்மா இந்தக் குழு," என்றார் சந்திரமோகன் கனிவோடு. "அவுக்கறது தனி சப்ஜெக்ட்."

நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை வந்தது. மூன்று கயிற்றுக்குப் பதில் இருபத்து நான்கு பட்டு நாடா. ஒவ்வொன்றிலும் சடையப்பன் முடிச்சு. சோதனைக்கு நான்கு ஆட்கள் பிடித்து இழுத்தார்கள். அவிழவில்லை. கைதட்டினார்கள். யாரும் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று அரக்கு முத்திரையும் வைத்தார்கள். முத்திரையைத் தொட்டால் வேலை போகும் என்று பானுப்ரியாவிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் நல்ல மழை. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. தண்ணீர் பத்தடிப் பள்ளத்தில் பாறைமேல் விழும் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. மேலதிகாரி இளஞ்செழியன் தமது கையால் பாயை அவிழ்த்துப் படகைத் தொடங்கி வைப்பதாக அழைப்பிதழ். அவருடைய பாதுகாப்புக்காகப் படகிலிருந்த கத்தியை அப்புறப்படுத்தினார்கள். போட்டோவில் பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிகிறது என்று துடுப்பையும் எடுத்துவிட்டார்கள். பூஜைத் தட்டும் கற்பூரமும் தீப்பெட்டியும் மட்டும் மங்களகரமாக இருந்தன.

பானுப்ரியா ஏற்கெனவே படகில் இருந்தாள். இளஞ்செழியன் ஏறினார். அறிக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சந்திரமோகனும் ஏறினார். கரையில் கட்டியிருந்த கயிற்றை யாரோ ஆர்வத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அது சாதாரணக் கயிறு, உடனே அவிழ்ந்தது.

அதிகாரி நாடாவை இழுத்தார். பிறகு இரண்டு கையால் இழுத்தார். படகு மெதுவாகத் திரும்பி, காற்றோடு சேர்ந்து கலங்கல் பக்கம் போக ஆரம்பித்தது.

"இது எப்ப அவுரும்?" என்று கேட்டார் அவர்.

"அவுராதுங்க சார். அதான் இதோட சிறப்பே," என்றார் சந்திரமோகன். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

கரையில் சடையப்பன் பக்கத்திலிருந்தவரிடம், "பாருங்க, எப்படி இழுத்துகினு கீறாரு, அசையுதா பாருங்க," என்று காட்டிக்கொண்டிருந்தார்.

பானுப்ரியா அரக்கு முத்திரையையும் கலங்கலையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்திரையைத் தொட்டால் செய்யார் பஸ், தொடாவிட்டால் பாறை. தட்டிலிருந்த கற்பூரத்தைக் கொளுத்தினாள். "சார், அந்த ரிப்போர்ட்டை இப்படிப் புடிங்க, காத்து மறைக்கணும்," என்றாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அன்றுதான் முதன்முதலாக ஒரு வேலைக்கு உதவின.

அசல் பட்டில் நெருப்பு வைத்தால் முடி கருகும் நாற்றம் வரும், கொஞ்சம் சுருண்டு தானாக அணைந்துவிடும். ஆரணியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். அவள் நம்பிக்கையில்லாமல்தான் வைத்தாள். ஆனால் நாடா குபுக்கென்று பற்றியது. உருகியது. கறுப்பாகச் சொட்டி இளஞ்செழியனின் பூட்ஸில் விழுந்தது. பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம். ஒன்று, இரண்டு என்று இருபத்து நான்கும் எரிந்து அறுந்தன. பாயிலும் இரண்டு ஓட்டை விழுந்தது. கலங்கலுக்குப் பதினைந்தடி இருக்கும்போது பாய் மேலே ஏறி, காற்றைப் பிடித்து, படகு திரும்பியது.

அவள் கரையில் இறங்கினாள். சேற்றிலேயே உட்கார்ந்து எல்லார் எதிரிலும் அழுதாள். உயிர் பிழைத்ததற்காகவும், மேலதிகாரியையே காப்பாற்றிய பிறகு வேலை இனி நிச்சயம் என்பதற்காகவும் சேர்த்தே அழுதாள்.

மறுநாள் குழு கூடியது.

"கடைசி வரைக்கும் ஒரு முடிச்சாவது அவுந்துதா?" என்றார் சடையப்பன். இல்லை என்று பதிவு செய்யப்பட்டது.

"நாடா பட்டே இல்லியே," என்று மெதுவாக இழுத்தார் பன்னீர்செல்வம்.

ரங்கசாமி அசரவில்லை. "அசல் பட்டா இருந்திருந்தா எரிஞ்சிருக்குமா? எரியலன்னா மூணு உசுரு போயிருக்கும். அப்ப காப்பாத்துனது யாரு?"

குழு எழுந்து நின்று அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அது எந்த நூல் என்று கேட்பது நாகரிகமில்லை.

பானுப்ரியாவுக்கு ஓர் உறை வந்தது. முத்திரை கலைத்தது, அரசுப் பாயில் இரண்டு ஓட்டை போட்டது, மேலதிகாரியின் பூட்ஸைக் கெடுத்தது ஆகியவற்றுக்காக ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது.

"முடிச்சு அவுந்திருந்தா நான் ஏன் சார் கொளுத்தப் போறேன்?" என்றாள்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா மினிட்ஸ்ல ஏத்த எடமில்ல," என்றார் சந்திரமோகன். நேற்று படகில் அவள் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கைதான் இப்போது அவளிடம் பேனாவை நீட்டியது.

புதிதாக இருபத்து நான்கு நாடா கட்டி, புதிதாக அரக்கு வைத்து, படகின் பாதுகாப்புச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஏரிக்கரையில் மாட்டியிருக்கிறார்கள். கடைசி வரி இப்படி முடிகிறது: 'இப்படகை ஓட்டத் தெரிந்தவர் எவரும் தற்போது பணியில் இல்லாததால், இதில் ஏறுவோர் உயிருக்கு முழு உத்தரவாதம் அளிக்கப்படுகிறது.'