மூலத்தை மறைத்த மாப்பிள்ளை

படாளம் ஜெயக்குமாருக்கு மூலம். டாக்டரிடம் காட்ட வெட்கம். ஃபோனிடம் என்ன வெட்கம்? கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதனிடம் வைத்தியம் கேட்டான்.

அது ரகசியம் காத்த அழகு இருக்கிறதே, அடடா! அன்றிலிருந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும், "உட்கார முடியவில்லையா?" என்று விளம்பரம் கரிசனத்தோடு விசாரித்தது. ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போயிருந்தது. பெண் காயத்ரியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

"இதுக்கா பேஜாராயிகினு கீற மச்சான்? ஃபோன்ல வேற எதனா தேடு. மூலம் தானா அமுங்கிடும்," என்றான் கூட்டாளி ஆதித்யா.

அக்கா குழந்தைக்கு ஆகுமே என்று தொட்டில் தேடினான். மறுநாளே, "அப்பா ஆனதற்கு வாழ்த்துகள்!" தாலி கட்டுவதற்குள் விளம்பரக் கம்பெனிக்காரன் சீமந்தமே முடித்துவிட்டான்.

"அடப்பாவிங்களா!" என்று ஆத்திரத்தில், "எனக்குக் குழந்தை இல்லை" என்று தட்டினான். சும்மா விடுவார்களா? கருத்தரிப்பு மையம் தள்ளுபடியோடு வந்து நின்றது.

"இன்னாடா யோசனை சொன்ன நீ?"

"ஃபோன ஆஃப் பண்ணிட்டுப் போ மச்சான். மூஞ்சப் பாத்தா தெரியப்போவுது?"

அணைத்துவிட்டுத்தான் போனான். பெண் வீட்டில் மர நாற்காலி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உங்க புது வூட்டு போட்டோ காட்டுங்க மாப்ள," என்றார் பெண்ணின் அப்பா கண்ணாயிரம்.

"சார்ஜ் இல்லீங்க."

"நம்மகிட்ட சார்ஜர் கீதே!" அவரே பிடுங்கிச் சொருகி, ஃபோனுக்கு உயிர் கொடுத்தார். "இன்னா பூட்டெல்லாம் போட்டு வெச்சிகீறீங்க? தொறங்க!"

ஜெயக்குமார் வேறு வழியில்லாமல் திறந்தான். வாசலில் காத்திருந்த கடன்காரர்கள் மாதிரி எல்லாம் முண்டியடித்து வந்தன. மூலம், தொட்டில், கருத்தரிப்பு. கண்ணாயிரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

போச்சு, இதுவும் போச்சு. "நான் வரேங்க," என்று எழுந்தான் ஜெயக்குமார். அழுகையே வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து காற்றடைத்த வளையத் தலையணையோடு வந்தாள் பெண்ணின் அம்மா கன்னியம்மா.

"எங்க கெளம்பிட்டீங்க மாப்ள? இதுமேல நல்லா உக்காருங்க. காயத்ரிக்கு இந்த விளம்பரக் கம்பெனியிலதான வேலை? கேட்டு வந்த மாப்பிள்ளைங்க அத்தினி பேரும் ஃபோன்ல இன்னா தேடுனாங்கன்னு பாத்துட்டா. அதுல வாய்விட்டு வெளிய சொல்ற மாதிரி இருந்தது உங்க மூலம் ஒண்ணுதான்!"