டெய்லருக்கு மூன்று நன்றிகள்

எங்கள் பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "கடைக்காரன்கிட்ட சிரிச்சுப் பேசலாம்டா, ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன வரும் என்பது மட்டும் சுத்தமாக மறந்துவிட்டது. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு போன வியாழக்கிழமை கிளம்பினேன்.

வேலை ரொம்பச் சின்னது. மயிலாப்பூரில் டெய்லர் கடைக்குப் போய் மனைவி வசந்தியின் ப்ளவுஸை வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆறரைக்கு வசந்தியின் அண்ணன் மகளுக்கு ரிசப்ஷன். அத்தை என்ற முறையில் அவள் மேடையில் நின்றாக வேண்டும். பட்டுப்புடவை ரெடி. நகை ரெடி. பூவுக்குச் சொல்லியாச்சு. ப்ளவுஸ் மட்டும் மூன்று வாரமாக கரீம் பாயிடம்.

வழக்கமாக அவள்தான் போவாள். அன்றைக்கு நான் குறுக்கே விழுந்தேன்.

"நீ இரு, நான் போறேன். நீ போனா கத்துவே. உனக்கும் டென்ஷன், அவருக்கும் டென்ஷன்."

வசந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கத்தாம வாங்கிடுவீங்களா?"

"அன்பா வாங்கிட்டு வரேன் பாரு."

அன்புக்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஆழ்வார்பேட்டைக்கு வந்து இறங்கிய ஆறாவது மாதம், டாக்டர் பிபி மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பயந்துபோய் அடையாறில் சந்தோஷமாக வாழக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். (ஆமாம், அதற்கும் வகுப்பு இருக்கிறது. வீட்டுப்பாடமும் இருக்கிறது.)

அந்த வார வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, தினமும் மூன்று பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். சும்மா 'தேங்க்ஸ்' கணக்கில் வராது. எதற்காக என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு, டென்ஷன் வந்தால் கண்ணை மூடி, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஏழு எண்ணும்வரை நிறுத்தி, எட்டு எண்ணும்வரை விட வேண்டும்.

பதினோரு மணிக்குக் கடையில் நுழைந்தேன். கரீம் பாய் கட்டிங் டேபிளில் நின்றிருந்தார். உள்ளே மெஷினில் செல்வம். இரண்டு பேருமே என் வயதுக்காரர்கள்.

"வாங்க சார். இன்னா விஷயம்?"

முகம் நிறையச் சிரித்தேன்.

"பாய், போன தீபாவளிக்கு நீங்க தைச்ச ப்ளவுஸைப் போட்டுக்கிட்டு என் மனைவி அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருந்தா. அவ சந்தோஷமா இருந்ததால நானும் நிம்மதியா இருந்தேன். அதுக்கு ரொம்ப நன்றி பாய்."

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். செல்வத்தைப் பார்த்தார். செல்வம் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார்... வூட்ல எல்லாரும் நல்லாதானே கீறாங்க?"

"ரொம்ப நல்லா இருக்காங்க பாய்."

"உக்காருங்க சார். செல்வம், சாருக்கு ஒரு டீ சொல்லு."

டீ வந்தது. இதுவரை வசந்திக்கு அந்தக் கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்தது கிடையாது. நன்றியின் வலிமையை நினைத்து உடம்பு புல்லரித்தது.

டீயைக் குடித்து முடித்தபிறகுதான், இன்று சாயங்காலம் ஃபங்ஷன் என்று சொல்லி ப்ளவுஸைக் கேட்டேன். பாய் ஒரு மஞ்சள் பையை எடுத்தார். உள்ளே மடிப்புக் கலையாமல் துணி.

தைக்கவில்லை. வெட்டவே இல்லை.

"ஆயிடும் சார். நீங்க இருக்கீங்க இல்ல, ஆயிடும்."

அப்போது ஒரு மாமி படியேறி வந்தார். வரும்போதே சத்தம் அவருக்கு நாலடி முன்னால் வந்தது.

"பாய்! திங்கக்கிழமை தரேன்னேள். இன்னிக்கு என்ன கிழமை? ஆத்துல எல்லாரும் கெளம்பிண்டிருக்கா. நான் என்ன பெட்ஷீட்டைப் போத்திண்டு வரவா?"

"மாமி, ஹூக் மட்டும்தான்..."

"ஹூக்கு! மூணு மாசமா ஹூக்கு! நீங்க கப்பல் கட்டறேளா, ப்ளவுஸ் தைக்கறேளா?"

செல்வம் மெஷினில் இருந்ததை உருவி எறிந்துவிட்டு மாமியின் ப்ளவுஸை எடுத்தார். பாயே ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டார்!

நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டாவது நன்றி பாக்கி இருந்தது.

"மாமி, உங்க மனசுல இருக்கிறதை இவ்வளவு வெளிப்படையாச் சொன்னீங்க. எங்களுக்கெல்லாம் அது ஒரு பாடம். அதுக்கு நன்றி."

மாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாயிடம் கேட்டார்: "யாரு இவர்? காத்தாட வந்து உக்காந்திருக்காரா?"

"கஸ்டமர் மாமி. ரொம்ப நல்ல மாதிரி."

"பார்த்தாலே தெரியறது," என்று ப்ளவுஸை வாங்கிக்கொண்டு மாமி கிளம்பினார். மொத்தம் பத்து நிமிஷம்!

மணி பன்னிரண்டு. பாய் எங்கள் துணியை டேபிளில் விரித்துச் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். போன் அடித்தது.

"கெடச்சுதா?" என்றாள் வசந்தி.

"வந்துக்கிட்டே இருக்கு."

"எங்கேருந்து?"

டென்ஷன் ஏறியது. போனை வைத்தேன். இரண்டாவது வீட்டுப்பாடத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது. நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, நாலு எண்ணி இழுத்தேன். நிறுத்தினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

"பாய்! சாருக்கு மூச்சு வரல!"

செல்வத்தின் குரல். பதில் சொல்லலாம் என்றால் இன்னும் நாலு பாக்கி.

"சார்! சார்! கண்ணைத் தொறங்க! அய்யய்யோ, நான் அப்பவே நெனச்சேன் பாய், காலைலேர்ந்து ஆளு ஒரு மாதிரியாகீறாரு!"

ஐந்தில் இருக்கும்போது இருவரும் என்னைத் தூக்கி மல்லாக்கப் போட்டார்கள். ஆறில் முகத்தில் சோடா விழுந்தது. ஏழு எண்ண முடியவில்லை, இருமல் வந்துவிட்டது.

"உசுரு வந்துடுச்சு!" என்றார் செல்வம்.

மூச்சுப்பயிற்சி என்று விளக்க முயன்றேன். "பேசாதீங்க சார், பேசக்கூடாது," என்று பாய் என் நெஞ்சைத் தடவிவிட்டார். கடைவாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். 'சுகராயிருக்கும்' என்று ஒருவர், 'கேஸ் ட்ரபிள்தான்' என்று ஒருவர்.

கூட்டம் கலைந்து நான் எழுந்தபிறகுதான் தெரிந்தது. என்னைப் போட்டது கட்டிங் டேபிள் மேல். துணி மேல்.

பாய் துணியைப் பார்த்தார். கோடுகளைக் காணோம். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

"முன்கழுத்து உங்க முதுகுல கீது சார். கைக்கு அளவு இடுப்பாண்ட."

துணி ஈரம் வேறு. அதை ஃபேனுக்குக் கீழே காயப்போட்டார்கள். "நீங்களும் கொஞ்சம் காயுங்க சார்," என்று என்னையும் அதே ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம். எனக்குத் தயிர்சாதம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்குத் துணி காய்ந்து, வெட்டியும் ஆனது. செல்வத்தின் மெஷினில் வேறு யாருடைய ப்ளவுஸோ ஓடிக்கொண்டிருந்தது.

இனி பொறுப்பதில்லை என்று எழுந்து நின்றேன். வெளிநாட்டில் காலை மிதித்தவனிடமும் நானே சாரி கேட்டுப் பழகிய இருபத்திரண்டு வருஷத்தை ஒதுக்கிவிட்டு, மேஜையைத் தட்டினேன்.

"பாய்! இது எனக்கு... இது எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு."

"வருத்தப்படாதீங்க சார். உங்க உடம்புதான் முக்கியம்."

மூன்று மணிக்கு மறுபடி போன். உண்மையைச் சொன்னேன்.

"ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன்.

"பாய்! ஆறரைக்கு மேடையில நான் நைட்டியோட நிக்கணுமா? என் அண்ணன் பொண்ணு ரிசப்ஷன்! மூணு வாரமா துணியைத் தூங்கவிட்டு, வந்த மனுஷனுக்கு டீ குடுத்து ஏமாத்தறீங்களா? அஞ்சு மணிக்கு ப்ளவுஸ் வரலைன்னா எங்க ஃப்ளாட்ஸ்ல பதினாறு வீட்டுலேர்ந்தும் ஒரு ஜாக்கெட் துணி உங்க கடைக்கு வராது!"

பாயின் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

"மேடம் துணியா இது! செல்வம், எல்லாத்தையும் நிறுத்து!"

மெஷின் பறந்தது. ஹூக்கை பாயே தைத்தார். தைத்துக்கொண்டே என்னைச் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

"அவசரம்னு சொல்லக்கூடாதா சார்? நீங்க சிரிச்சுக்கினு வந்ததும் ஃபங்ஷன் தள்ளிப்போயிடுச்சுனு நெனச்சேன்."

"இன்னைக்கு சாயங்காலம்னு சொன்னேனே பாய்!"

"எல்லாரும்தான் சாயங்காலம்னு சொல்றாங்க. திட்டு வாங்கற வரிசையிலதான் சார் தைக்கிறது. திட்டாத துணி மேல கை எப்படிப் போவும்?"

நாலே முக்காலுக்கு ப்ளவுஸ் கையில். மூன்றாவது நன்றியைச் சொல்லாமலே ஓடினேன். ஐந்து பத்துக்கு வீடு. ஆறரைக்கு வசந்தி மேடையில் இருந்தாள். தைத்தது கச்சிதமாக இருந்தது. கீழே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தியின் தம்பி, "மாமா, எப்பவும் எவ்ளோ அமைதியா இருக்கீங்க!" என்று வியந்தான். மேடையிலிருந்து வசந்தி பார்த்த பார்வையை அவன் கவனிக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை, வசந்தியிடம் திட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.