மூன்றாம் மாடிக் கடல்

இந்து சமுத்திரத்தில் இன்றுவரை எந்த அசம்பாவிதமும் நடக்காத ஒரே பகுதி கொழும்பு வெள்ளவத்தையில், திரு. நவரத்தினத்தின் மூன்றாம் மாடி பிளாட்டில், வரவேற்பறையின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. நீளம் ஒன்பது அடி. அகலம் ஆறு அடி. எங்கள் மாடிக் கட்டடத்தின் "நலன்புரி மற்றும் விழிப்புக் குழு"வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

அது ஒரு வீட்டு மதுச்சாலை. திரு. நவரத்தினம் அதை "பார்" என்பார். அவர் மனைவி "அந்த மூலை" என்பார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. காப்புறுதிக் கம்பனியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற திரு. நவரத்தினத்துக்கு மகன் டொரொன்டோவிலிருந்து ஒரு சஞ்சிகை அனுப்பியிருந்தான். குறைந்த செலவில், பாதுகாப்பாக, ஒரு கருப்பொருளுடன் வீட்டில் மதுச்சாலை அமைப்பது எப்படி என்று அதில் ஆறு பக்கம் இருந்தது. உங்கள் யன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறதோ அதையே கருப்பொருளாகக் கொள்ளுங்கள் என்றது சஞ்சிகை. திரு. நவரத்தினத்தின் யன்னலுக்கு வெளியே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் பாதையில் இராணுவச் சென்ட்ரி நின்றது. ஆகவே கடல்.

பாதுகாப்பு பற்றியும் சஞ்சிகை சொல்லியிருந்தது. மின்கம்பிகளை மறைக்க வேண்டும். தரைவிரிப்பு வழுக்கக் கூடாது. கனடாவில் அவ்வளவுதான் போலும். எங்கள் குழு இதற்காக மூன்று கூட்டங்கள் கூடியது.

கொட்டாஞ்சேனையில் மர்ஸூக் என்பவர் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருந்தார். பைனாகுலர் அங்கே வாங்கியது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீட்டில் ஒரு தமிழர் பைனாகுலர் வைத்திருப்பது குறித்து குழு கவலை கொண்டது. கண்ணாடிகளைக் கழற்றினோம். அதன்பின் அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் அது அது இருக்கிற தூரத்திலேயே தெரிந்தது. திசைகாட்டியின் முள்ளையும் எடுத்துவிட்டோம். அது வடக்கையே காட்டிக்கொண்டிருந்தது. இலங்கை வரைபடம் ஒன்றும் இருந்தது. அதன் வடக்கைப் புத்தளத்துக்கு மேலே வெட்டினோம். நாடு சட்டத்துக்குள் அழகாக அடங்கியது.

கடல்தான் மிஞ்சியிருந்த ஆபத்து. நீல விளக்கு யன்னல் வழியே தெரிந்தால் யாருக்கோ சமிக்ஞை காட்டுவதாக நினைக்கலாம். எனவே யன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். திரையில் கடல் வரைந்தோம். உண்மைக் கடலைவிட அது அமைதியாக இருந்தது.

செலவைக் குறைத்த விதம் பாராட்டத்தக்கது. கப்பலின் சுக்கானாக மாட்டுவண்டிச் சில்லு. உயிர்காப்பு வளையமாக ஸ்கூட்டர் டியூப். நங்கூரம் பலகையில் வெட்டி வெள்ளி வர்ணம் பூசியது. போத்தல்காரனிடம் வாங்கிய வெளிநாட்டு வெற்றுப் போத்தல்களில் பாலில்லாத பிளேன்டீ நிரப்பி வரிசையாக வைத்தோம். குடிப்பதற்கு உள்ளூர்ச் சாராயம் கீழ்த்தட்டில் இருந்தது. செலவில் பாதி கூலிக்கே போகும் என்று சஞ்சிகை எச்சரித்திருந்தது. எங்களுக்குக் கூலி இலவசம். எங்களிடம் சிறில் இருந்தார்.

சிறில் மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி. மனைவி மாக்ரெட் வயிற்றில் கட்டியுடன் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சிறில், திரு. நவரத்தினத்தின் சாமான் அறையில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்தார். பழைய அறிமுகம். எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்தபோது திரு. நவரத்தினம் குடும்பத்துடன் போய் ஆறு கிழமை சிறிலின் வீட்டில் தங்கியிருக்கிறார். அங்கே யாரும் படிவம் கேட்கவில்லை. அது பின்தங்கிய பிரதேசம்.

கொழும்பில் ஒழுங்கு இருந்தது. வீட்டில் தங்குவோர் எல்லோருடைய பெயரையும் வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டுப் பொலிஸில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை விழுந்த பெயர் தெருவில் நடக்கலாம். விழாத பெயரை ஜீப்பில் ஏற்றுவார்கள். சிறில் வந்த அன்றே படிவம் வாங்கி, தன் பெயரைத் தானே எழுதி, கையொப்பமிடும் இடத்தை மட்டும் விட்டு, திரு. நவரத்தினத்திடம் கொடுத்தார். அது குளிர்சாதனப் பெட்டியின்மேல் இருந்தது. ஒவ்வொரு பகலும் அவர் பெயரில்லாமல் சந்து ஒழுங்கைகளுக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குப் போய், பெயரில்லாமல் திரும்பி வந்தார்.

"படிவத்தில மன்னார் எண்டு ஒரு சொல் விழுந்தால் அவங்கள் வீட்டைச் சோதிக்க வருவாங்கள்," என்றார் திரு. நவரத்தினம் என்னிடம். "வந்தால் இந்தச் சாமான் எல்லாம் கண்ணில படும். பார் முடியட்டும் ஐசே. பிறகு வைப்பம்."

அந்த முன்யோசனையை நான் கூட்ட அறிக்கையில் பதிந்தேன்.

சிறில் நன்றாக உழைத்தார். வலையைத் தூக்கிக் கட்டினார். வடத்தில் பன்னிரண்டு விதமான முடிச்சுகள் போட்டு ஒரு பலகையில் வரிசைப்படுத்தினார். அதைப் பார்ப்பதற்கென்றே கீழ் வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வரைபடத்தில் வெட்டிய மேல்துண்டைத் தரும்படி மட்டும் ஒருநாள் கேட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். குழு மறுத்தது. அது எரிக்கப்பட்டது. எரித்தவரும் சிறில்தான். தீப்பெட்டி அவரிடம் இருந்தது.

மர்ஸூக் ஒரு மாலுமித் தொப்பியை இனாமாகத் தந்திருந்தார். அதைக் கொழுவ ஆணி அடிக்க வேண்டும். சிறில் வரைபடச் சட்டத்துக்கு மேலே, இடப்பக்கமாக, வெறும் சுவரில் அடித்தார். ஏன் அங்கே என்று கேட்டேன்.

"எங்கட ஊர் அவ்விடத்திலதானே வரும், ஐயா," என்றார்.

பாதுகாப்பின் உச்சம் இனித்தான். எல்லா அலங்காரப் பொருள்களையும் பட்டியலிட்டுப் பொலிஸில் அறிவித்துவிடுவது என்று மூன்றாம் கூட்டத்தில் முடிவானது. நான் தட்டச்சு செய்தேன். பைனாகுலர், ஒன்று, பார்வையற்றது. திசைகாட்டி, ஒன்று, திசையற்றது. இப்படிப் பதினான்கு. பதினான்காவது மாலுமித் தொப்பி.

சிறில் பின்னால் வந்து நின்றார். "ஐயா, அதில அடியில என்ர பேரையும் ஒருக்கால் அடிச்சுவிட ஏலாதோ? செவ்வாய்க்கிழமை காலமை எட்டு மணிக்கு மாக்ரெட்டுக்கு ஒப்பரேசன். நான் போய்க் கையெழுத்து வைச்சால்தான் வெட்டுவினமாம். அதுவரைக்கும் பிடிபடாமல் இருந்தால் காணும்."

இது பொருள்களின் பட்டியல் என்பதை அவருக்கு விளக்கினேன். அவர் விளங்கிக்கொண்டார். படிப்புக் குறைவு, ஆனால் பண்பானவர்.

திரு. நவரத்தினம் பட்டியலில் கையொப்பமிட்டார். இரண்டு நாளில் முத்திரையுடன் திரும்பி வந்தது. நாங்கள் கேட்டு அரசாங்கம் உடனே தந்த ஒரே அனுமதி அது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் திறப்பு விழா. சிறில் பகல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லை என்றார் திரு. நவரத்தினம். "பின்னேரமும் பார்க்க விடுவினம்தானே. இந்தா, தொப்பியைப் போடு. ஒரு களை வரட்டும்." சிறில் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றார். உண்மையான மாலுமியைப் போலவே இருந்தார்.

முதற்சுற்று முடியவில்லை. ஒழுங்கை சுற்றிவளைக்கப்பட்டது. ஓர் அதிகாரியும் இரண்டு கான்ஸ்டபிள்களும் படியேறி வந்தார்கள். நாங்கள் கலங்கவில்லை. நான் சட்டம் போட்ட பட்டியலை எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி மரியாதையானவர். பட்டியலையும் பொருள்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்து என்னைப் பார்த்தார். திரையை விலக்கிக் கடலைப் பார்த்தார். மூடினார். இப்படியொரு ஒழுங்கான வீட்டைத் தான் பார்த்ததில்லை என்று சிங்களத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கைதட்டல் எழுந்தது.

புறப்படும்போது முடிச்சுப் பலகையின் முன் நின்றார். தானும் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர்தான் என்றார். தகப்பனுக்குப் பிறகு இப்படி ஒரு கைவேலையைக் காணவில்லை. யார் கட்டியது?

திரு. நவரத்தினம் பாராட்டை வீணாக்குகிறவர் அல்லர். "நான்தான்," என்றார்.

அதிகாரிக்கு மகிழ்ச்சி. மேசைமேல் கிடந்த வடத்துண்டை எடுத்து நீட்டி, நாலாவது முடிச்சைத் தனக்கும் ஒருமுறை காட்டும்படி கேட்டார். திரு. நவரத்தினம் வடத்தை வாங்கினார். ஒரு வளையம் போட்டார். அதற்குள் நுழைத்தார். இழுத்தார். அது நேராகிவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி நேரானது. அதிகாரியின் முகத்தில் சிரிப்புக் குறைந்துகொண்டு வந்தது.

சிறில் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "ஐயாவுக்கு இண்டைக்குக் கை உளைவு," என்று சொல்லி, வடத்தை வாங்கி, பார்க்காமலே கட்டிக் கொடுத்தார்.

அதிகாரி முடிச்சைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"மேயா கவுத?" இவர் யார் என்று என்னிடம் கேட்டார்.

நான் திரு. நவரத்தினத்தைப் பார்த்தேன். அவர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கவில்லை. "அலங்கார வேலைக்கு வந்த ஆள்," என்றார். மொழிபெயர்த்தேன். அதிகாரி, நியாயமானவர், பட்டியலை மறுபடி எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலோட்டிப் பார்த்தார். பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். மன்னார். பிறகு பொலிஸ் பதிவைக் கேட்டார்.

மிஸிஸ் நவரத்தினம் "அந்தப் படிவம்..." என்று தொடங்கினார். திரு. நவரத்தினம் அவரை உள்ளே போய் விருந்தினருக்கு வடை எடுத்து வரச் சொன்னார்.

கான்ஸ்டபிள் சிறிலின் முழங்கையைப் பிடித்தார். சிறில் திமிறவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். அந்த அறையில் சிங்களம் சரளமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை எட்டு மணிக் கதையை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம். கையெழுத்து வைச்சுப்போட்டு நானே வாறன் எண்டு சொல்லுங்கோ."

அதிகாரி என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். பத்து விருந்தினரும் காத்திருந்தார்கள். செயலாளர் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

தொப்பி எங்களுடையது என்று சொன்னேன். பட்டியலில் பதினான்காவது.

அதிகாரி சரிபார்த்தார். சிறிலின் தலையிலிருந்து அதைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். அவர்கள் படியிறங்கும் சத்தம் முடிந்தபின் அதை அந்த ஆணியில் கொழுவினேன்.

பொருள்கள் பதினான்கு. எல்லாம் இருந்தன. அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதினேன். திரு. நவரத்தினமும் நானும் கையொப்பமிட்டோம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.