மாப்பிள்ளையைத் தள்ளக் கூடாது

புது மாப்பிள்ளை என்பது ஒரு பதவி. அதற்குத் தேர்வு கிடையாது, தகுதியும் பார்க்க மாட்டார்கள். ஆனால் மாமனார் வீட்டில் முதல் தட்டு நமக்குத்தான். வண்டியில் முன்சீட்டு நமக்குத்தான். நாம் வாசலில் நின்று செருப்பை மாட்டி முடிக்கும் வரை பின்னால் ஒரு குடும்பமே கைகட்டிக் காத்திருக்கும். இந்தப் பதவி நிரந்தரமில்லை என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என்னுடையது ஆந்திராவில், கடப்பாவைத் தாண்டி ஒரு குகைக்குள் பறிபோனது.

அப்போது எனக்கும் நஸீமாவுக்கும் நிக்காஹ் முடிந்து சில வாரங்கள்தான். நான் தாம்பரத்தில் குடியிருந்தேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அளவு தப்பிய பொருளைத் திருப்பி அனுப்புவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். (என் அளவை யாரும் பரிசோதிக்கவில்லை.) கல்யாணம் முடிந்த கையோடு விருந்து தொடங்கிவிட்டது. பல்லாவரத்தில் பெரிய மாமா வீடு, குரோம்பேட்டையில் சின்ன மாமி வீடு என்று போகிற இடமெல்லாம் பிரியாணி, தால்ச்சா, பிர்னி. போதும் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று யாரோ என் தலையில் ஏற்றியிருந்தார்கள். நானும் மரியாதையாகவே சாப்பிட்டேன்.

மாமனாருக்குப் பம்மலில் தோல் பட்டறை. பெல்ட், பர்ஸ், ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். காலமெல்லாம் தோலோடும் சாயத்தோடும் கிடந்த நெஞ்சு, அதனால் இழுப்பு உண்டு. சட்டைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். நல்ல மனிதர். என்னை ‘மாப்ள’ என்று கூப்பிடும்போதே லேசாக எழுந்து நிற்கிற மாதிரி ஒரு குரல் வரும். கல்யாணத்துக்குத் தன் பட்டறையிலேயே அளவெடுத்து எனக்கு ஒரு தோல் ஜாக்கெட் தைத்துப் போட்டார். சென்னையில் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? பீரோவில் தொங்கியது.

தோல் வாங்க ஆந்திரா போய் வரும்போது அந்தக் குகையின் பலகையை அவர் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர ஏற்பாடு செய்தார். வாடகைக் குவாலிஸ் வந்தது. “குகைக்குள்ள குளிரும் மாமா” என்று நான் அறிவித்தேன். எங்கேயோ படித்திருந்தேன். ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். ஜிப் ஏறுவதற்குள் வியர்த்துவிட்டது. அளவெடுத்தது விருந்துகளுக்கு முன்னால் அல்லவா?

“மாப்ள நம்ம ஜாக்கெட்ட போட்டுகினு வந்துகீறாரு பாரு” என்று மாமா என் மாமியாரிடம் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைக் கழற்றுகிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

குகை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்பதால், ஒரு வேப்பமரத்தடியில் தேக்சாவை இறக்கி மாமி பிரியாணியைப் பரிமாறினார். நல்ல துண்டுகளெல்லாம் பொறுக்கி என் தட்டுக்கு வந்தன. நான் இரண்டாம் முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் முறையும் சொல்லவில்லை.

உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஓர் உண்மை புரிந்தது. குகை குளிரவில்லை. ஈரத்துணியை அவித்த மாதிரி ஒரு புழுக்கம். தோல் ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் மேலிருந்து கல் விழுதுகள் தொங்கின. நஸீமாவின் தம்பி ரியாஸ் புதிதாக வாங்கிய கேமரா போனில் எல்லாவற்றையும் படம் எடுத்தான். (எல்லாம் கறுப்பாகவே விழுந்தது.) ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடதுபுறம் பாறைக்கு நடுவில் ஒரு சந்து. அதில் நுழைந்து போனால் அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டும் ஒரு மண்டபம் இருக்கிறதாம். வழிகாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், மீரு வேண்டாம். சுத்தி பெத்த தாரி இருக்கு, பெரிய வழி. அதுல வாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, அதுவும் மாமனார் முன்னிலையில்! “பரவால்ல, போலாம்” என்றேன். மாமா உடனே எல்லாரையும் ஒதுக்கினார். “மாப்ள மொதல்ல போவட்டும். அப்பால நாம.”

வழிகாட்டி முன்னால் போக, நான் நுழைந்தேன். எனக்குப் பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் நஸீமா, அப்புறம் ரியாஸ். மாமி இடுப்பு வலி என்று வெளியிலேயே நின்றுவிட்டார். ரியாஸுக்குப் பின்னால் ஏதோ ஒரு கல்லூரிக் கூட்டமும் நெருக்கிக்கொண்டு நுழைந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து முக்கால்வாசி தூரம் போனேன். அங்கே பாறை என் வயிற்றைப் பிடித்தது. முதுகுப் பக்கம் ஜாக்கெட்டைப் பிடித்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

“மச்சான், இன்னா, வண்டி நின்னுகிச்சா?” ரியாஸ் குரல் கொடுத்தான்.

“ஒரு நிமிஷம்” என்றேன், கௌரவமாக.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் என் காதோரம் அந்தச் சத்தம் கேட்டது. மாமாவின் மூச்சு சீழ்க்கை அடித்தது. இன்ஹேலர் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு கைகளும் பாறைக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டியிருந்தன. பின்னால் போகலாமென்றால் கல்லூரிக் கூட்டம். முன்னால் நான். அவருக்கு வர வேண்டிய காற்றையும் வழியையும் ஒரு மூடியைப் போல அடைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மனிதருக்கு என்னால் ஏதாவது ஆகிவிட்டால்?

“அத்தா, அவர புடிச்சித் தள்ளுங்க!” நஸீமா கத்தினாள்.

“மாப்ளய எப்படிம்மா…” இழுப்புக்கு நடுவில் மாமா சொன்னார். “மாப்ள மேல… கைய வெக்கிறதா?”

“அத்தா! உங்களுக்கு மூச்சு வரல!”

“அவரே… மெதுவா போவாரு. அவசரப்படுத்தாத.”

மூச்சு முட்டுகிற நேரத்திலும் அந்த மனிதர் எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார். நானோ, நெளிந்தால் ஜாக்கெட் கிழியுமே, அவர் மனது வருத்தப்படுமே என்று அசையாமல் நின்றேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மதித்தே செத்திருப்போம்.

சந்தின் அடிப்பகுதி கொஞ்சம் அகலம். நஸீமா குனிந்து, தன் அத்தாவின் காலடியில் புகுந்து, தவழ்ந்து வந்தாள். அதுவரை என்னிடம் ‘சாப்டீங்களா’, ‘இன்னும் கொஞ்சம் வெக்கவா’ என்பதைத் தாண்டிப் பேசாத பெண். என் இடுப்பில் தோளைக் கொடுத்தாள்.

“ஊதுங்க! இருக்கிற மூச்சையெல்லாம் வெளிய வுடுங்க! அத்தா போயிடுவாரு போலருக்கு, நீங்க ஜாக்கெட்ட பாத்துகினு நிக்கிறீங்களே, மனுஷனா நீங்க?”

ஊதினேன். அவள் பிஸ்மி சொல்லி ஒரு முட்டு முட்டினாள். டர்ரென்று ஒரு சத்தம். வழிகாட்டியின் காலடியில் போய்க் குப்புற விழுந்தேன்.

மாமா வெளியே வந்ததும் கை பரபரக்க இன்ஹேலரை எடுத்து இழுத்தார். மண்டபத்தில் காற்று வரும் குழாய்க்குக் கீழே அவரை உட்கார வைத்தோம். மெல்ல அவர் முகத்தில் நிறம் திரும்பியது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என் முதுகை மெல்லத் தடவினார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோலு கிழியல மாப்ள. தையல்தான் வுட்டுப்போச்சு. பட்டறைல குடுத்தா ஒரு நாள் வேல.”

திரும்பும்போது பெத்த தாரியில் வந்தோம். வண்டியில் முன்சீட்டு மாமாவுக்குப் போனது, நல்ல காற்று வேண்டுமென்று. நான் கடைசி சீட்டில், காலி தேக்சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அருகில் வந்து உட்கார்ந்த நஸீமா ரேணிகுண்டா வரைக்கும் விடாமல் திட்டிக்கொண்டு வந்தாள். எங்களுக்குள் நடந்த முதல் நீண்ட உரையாடல் அது. இன்றுவரை அது முடியவில்லை.

முன்சீட்டு அதன்பின் எனக்குத் திரும்பி வரவே இல்லை. நகைக்கடையோ லிஃப்டோ, குடும்பத்தோடு எங்கே நுழைந்தாலும் “மச்சான் கடைசில வரட்டும், நமக்கு மூச்சு முக்கியம்” என்று ரியாஸ் கையைக் குறுக்கே நீட்டுவான். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் நஸீமாவின் சித்தப்பா மகளுக்கு நிக்காஹ். புது மாப்பிள்ளை விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கு இப்போது நன்றாகத் தள்ளாமை வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கூட்டிப்போய் அந்தப் புது மாப்பிள்ளை முன்னால் நிறுத்தினார்.

“இவரு எங்க வூட்டு மாப்ள” என்று அறிமுகம் செய்தார். “தள்ளுனா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு.”