மாப்பிள்ளை மாடி பிடித்த கதை

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை எழுதிக்கொண்டது. உங்கள் ரத்த அழுத்தத்தையும் அண்ணியின் முழங்கால் வலியையும் முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

ஓய்வு பெற்ற உங்கள் மாப்பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய அமெரிக்கக் குதிரைப் படம் அனுப்பினீர்களே, உங்கள் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டியில் மேற்கே போய், பிடித்த இடத்தில் முளை அடித்து "இது என் நிலம்" என்கிறார்களே, அதே படம். ஒன்பது முறை பார்த்தாயிற்று. "அந்தப் பொம்பளையப் பாரு, ஒரு வார்த்தை பேசாம புருஷன் பின்னாடி எப்படிப் போறா!" என்று எனக்கு உபதேசம் வேறு. அவள் பேசுகிற கட்டத்திலெல்லாம் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்ட மனிதர், போன புதன்கிழமை மொட்டைமாடியில் குடியேறினார். நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள், மாடி பதினாறு வீட்டுக்கும் பொது என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். என் குளியலறை வாளி உட்பட நான்கு வாளிகளில் மணலைக் கொட்டி, துடைப்பக் கட்டைகளை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களைப் பற்றிப் படத்தில் யாரும் கவலைப்படவில்லையாம். அதனால் இவரும் பல் டாக்டர் வீட்டுத் துணிக்கொடியை ஈரத் துணியோடு அவிழ்த்து எறிந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூச்சிரைக்க ஏறி வந்து, "யாரக் கேட்டு சார் இத அடைச்சீங்க?" என்றார். இவர் இடுப்பில் கை வைத்து, கண்ணை இடுக்கி, "இந்த மண்ண உழுதுதான் என் குடும்பம் பொழைக்கணும்" என்றார்.

"சார், இது மண்ணு இல்ல, சிமெண்டு. கீழ என் படுக்கையறை."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கயிற்றை அவிழ்க்காவிட்டால் வீட்டையே காலி செய்ய வேண்டுமாம். மகாராஜாவிடம் சொன்னேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே, "ஊரான் நிலத்துக்கெல்லாம் கோடு போட்டுக் குடுத்தேன். எனக்குன்னு ஒரு முழம் உண்டா?" என்றார். ஒரு நிமிடம் எனக்கே பாவமாகத்தான் இருந்தது. மறு நிமிடம், எனக்கு மட்டும் எங்கே இருக்கிறது என்று தோன்றியதும் பாவம் போய்விட்டது. ஆகவே பெட்டி கட்டிவிட்டேன். சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். இனி இந்த மனிதரோடு ஒரு நாள்கூட முடியாது.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கைகளுக்கு இனியாவது வேறு வேலை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பேசாமல் பின்னால் போகத் தெரியாத தங்கை

பின்குறிப்பு: வர வேண்டாம். கிளம்பும்முன் நாலு வார்த்தை கேட்கலாம் என்று மாடிக்குப் போனால், ஞாயிறுவரை பொறுக்காமல் செயலாளர் வாளிகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், உங்கள் மாப்பிள்ளை கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "கைய எடுங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். செயலாளர் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார். கிழக்குப் பக்கம் பாதியைக் கயிறு கட்டிப் பிரித்து என் பங்காக எடுத்துக்கொண்டேன். இவர் அந்தப் பக்கம் கால் வைப்பதென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். காலையிலிருந்து இரண்டு முறை கேட்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.