குப்பை இல்லாத குற்றம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம், கடைதான் நலமில்லை. உங்கள் முழங்கால் வலியையும் அண்ணியின் ஓட்ஸ் சமையல் ஆராய்ச்சியையும் பற்றி ஒரு பத்தி விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், நேரமில்லை.

குப்பையே போடாத ஒரு கடை தன் குப்பையை எங்கே போடுகிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படித்தவள் நான், எனக்குத் தெரியவில்லை. நேற்று வந்த சுகாதார ஆய்வாளருக்கும் தெரியவில்லை. ஆனால் சீல் வைக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது.

உணவுக்கடைகளுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. மீந்த உணவைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது, மூடியுள்ள பச்சைத் தொட்டியில் தனியாகச் சேர்த்து, அதற்கென்று வரும் வண்டியில் ஏற்ற வேண்டும். நல்ல சட்டம்தான், எங்கள் சமையல் மாஸ்டரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர் காய்த்தோலையும் சேர்த்து அரைத்து சூப் வைப்பார், பழைய ரொட்டியைப் பொடித்துக் கட்லெட்டில் புரட்டுவார், முட்டை ஓடும் டீத்தூளும் அவர் வீட்டு ரோஜாச் செடிக்குப் போகும். சாப்பிட வரும் எதிர்ப் பட்டறை ஆட்களோ தட்டு கழுவுகிறவருக்கு வேலை வைக்காமல் வழித்துச் சாப்பிடுகிறவர்கள். உங்கள் மாப்பிள்ளை சட்டத்துக்கு மரியாதை கொடுத்து, இருப்பதிலேயே பெரிய பச்சைத் தொட்டியாக வாங்கி வந்தார். சும்மாதானே கிடக்கிறது என்று மாஸ்டர் அதில் உருளைக்கிழங்கைக் கொட்டி வைத்துவிட்டார்.

ஆய்வாளர் மூடியைத் திறந்தார். "என்னம்மா, இவ்வளவு நல்ல கிழங்கைக் குப்பையில போட்டிருக்கீங்க?"

"ஐயையோ சார், அது நாளைக்குச் சமைக்கிறதுக்கு!" என்றார் மாஸ்டர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சமைப்பது முதல் குற்றம். அப்படியானால் உண்மையான குப்பை எங்கே, சாக்கடையிலா என்பது இரண்டாவது. "நாளை மறுநாள் வருவேன். தொட்டியில கழிவு இருக்கணும், இல்லேன்னா சீல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலையிலிருந்து குப்பைக்கு அலைகிறோம். வெட்கத்தை விட்டு நானே மேசை மேசையாகப் போய், "தம்பி, கொஞ்சம் மிச்சம் வைங்களேன்" என்று கேட்டேன். "மிச்சமா? எங்க வீட்டுல மிச்சம் வெச்சா அடுத்த வேளை தட்டே வராதுக்கா" என்றார் வெல்டிங்காரர். உடனே உங்கள் மாப்பிள்ளைக்கு மூளை வேலை செய்து, மாஸ்டருக்குத் தெரியாமல் சூப்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். வெல்டிங்காரர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னிக்குத்தான் மாஸ்டர், உப்பு சரியா இருக்கு!" என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். விஷயம் தெரிந்த மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "என் சமையலை நானே வீணாக்கணுமா மேடம்? அதுக்கு சீலே வெக்கட்டும்" என்று பின்வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். சீல் வைத்தால் இந்த வயதில் அவருக்கு வேறு அடுப்பு கிடைக்காது, எங்களுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. தவிர, உங்கள் மாப்பிள்ளை நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்பார். அதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே அண்ணா, அண்ணியின் ஆராய்ச்சியில் தோற்றவற்றை ஒரு வாளியில் போட்டு நாளைக் காலை கொண்டுவாருங்கள். சொந்தக் குப்பையாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லை, முழுக்கப் படித்துவிட்டேன். அண்ணிக்கு மூச்சுவிடாதீர்கள். தெரிந்தால் எனக்கு உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது, உங்களுக்கு ஓட்ஸ் மட்டும்தான் கிடைக்கும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும் உங்கள் முழங்காலுக்கு ஆறுதலும் சொல்லி முடிக்கும்,
தங்கை.

பின்குறிப்பு: வாளி வேண்டாம். நேற்றே உங்களிடம் கொடுக்கச் சொன்ன கடிதம் இன்று உங்கள் மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து கிடைத்தது. இன்று நடந்தது இது. மாஸ்டர் கோபத்தோடேயே வந்து, வழக்கம்போல் நன்றாகவே சமைத்தார். தொட்டி காலி. ஆய்வாளர் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். பசி போலிருக்கிறது, காசு கொடுத்து சூப்பும் ரொட்டியும் வாங்கி உட்கார்ந்தார். பாதியில் போன் வந்தது. பேசி முடிப்பதற்குள் சூப் ஆறிவிட்டது. "போதும்" என்று கிண்ணத்தைத் தள்ளினார். மீதியைக் குடித்துக் கைகொடுக்க வெல்டிங்காரர் எழுந்தார், நான் கண்ணால் அடக்கினேன். மாஸ்டர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார், முகத்தில் ஈயாடவில்லை.

கைகழுவி வந்த ஆய்வாளர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"அதுவும் உங்களுதுதான் சார்" என்றார் மாஸ்டர்.

ஆய்வாளர் தொட்டியையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்: "கழிவு முறைப்படி சேகரிக்கப்படுகிறது. சீல் தேவையில்லை. இனி கழிவின் அளவைக் குறைக்க உத்தரவிடப்படுகிறது."

கடை திறந்திருக்கிறது. குறைக்க வேண்டுமானால் அவரைத்தான் வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும்.