மஞ்சள் வைக்காத பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் சாதாரண மனிதர் எதைப் பார்ப்பார்? தேதியைப் பார்ப்பார், மண்டபத்தைப் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமைதானா என்று பார்ப்பார், அதோடு பிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். ஆனால் மும்பையில் நாலு தமிழ் வீடு சேர்ந்தாற்போல் இருக்கும் இடங்களில் எல்லாம் வேறொரு ரகம் உண்டு. அவர் பத்திரிகையை வாங்கியதும் முதலில் உள்ளங்கையில் எடை பார்ப்பார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்குவார். உச்சியில் உள்ள பிள்ளையார் சுழியில் தொடங்கி அடியில் உள்ள அச்சகத்தின் போன் நம்பர் வரைக்கும் விரல் வைத்து வாசித்துக்கொண்டே போய், வழியில் ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "ம்ம்" என்பார். அந்த ஒரு 'ம்ம்' போதும், பத்திரிகை அடித்தவர் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்கும் சோறு இறங்காது. இந்த ரகத்துக்குப் பத்திரிகைப் புலி என்று பெயர்.

தாராவி தொண்ணூறடி ரோட்டின் புலி ஆறுமுகநயினார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லைக்காரர்கள் உச்சியில் குலசாமி பெயர் போடுவார்கள், அதிலும் சுடலை கும்பிடுகிறவர்கள் ஒரு மாதிரி, சாஸ்தா கும்பிடுகிறவர்கள் ஒரு மாதிரி. மாட்டுங்காக்காரர்கள் தாத்தா வரைக்கும் போய் 'பௌத்திரன்', 'பௌத்திரி' என்று எழுதுவார்கள். திலக் நகரில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆகையால் எதிர்ப்பக்கம் இங்கிலீஷ் கட்டாயம். முஸ்லிம் வீடென்றால் வலீமா விருந்தின் தேதி தனி வரியில் வரவேண்டும். எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரியப்பாவுக்கு முன்னால் சித்தப்பாவைப் போட்டுவிட்ட ஒரு செம்பூர்க் குடும்பத்தை, அடித்த முந்நூறையும் தூக்கிப்போட்டுப் புதிதாக அடிக்க வைத்தவர். அந்தச் சித்தப்பா இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அதற்கெல்லாம் பார்த்தால் பொதுக்காரியம் செய்ய முடியுமா?

இப்படிப்பட்டவர் வீட்டிலேயே கல்யாணம் வந்தது. மகள் மாரிசெல்விக்கு நெருளில் மாப்பிள்ளை. புலி தன் கையாலேயே எழுதிய பத்திரிகையின் முதல் புரூஃபை மனைவி பானுமதியிடம் நீட்டினார். அந்த அம்மாள் ஒருமுறை வாசித்துவிட்டு மடக்கி வைத்தார்.

"இதுல ஒரு குறை இருக்கு."

"குறையா? நான் எழுதுனதுலயா? எங்க?"

"ஊர்ல உள்ள பத்திரிகைக்கெல்லாம் குத்தம் சொல்லுதீங்கள்லா, நீங்களே கண்டுபிடிங்க. அதுவரைக்கும் ஒரு வீட்டுக்கும் பத்திரிகை வைக்க நான் வரமாட்டேன்."

பத்திரிகை வைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து குங்குமத் தட்டோடு போய் வைக்க வேண்டும். தனியாகப் போய் நின்றால், பத்திரிகையை வாங்குவதற்கு முன் "வீட்ல என்ன சண்டை?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணத்துக்கோ பதினேழு நாள். நயினார் குலசாமியின் எழுத்தைப் பெரிதாக்கினார். சம்பந்தியின் இனிஷியலைச் சரிபார்த்தார். விட்டுப்போன உறவுக்காரர்களைத் தேடித் தேடிச் சேர்த்ததில் நாற்பது பெயர் அறுபத்து மூன்று ஆயிற்று. பத்து புரூஃப் ஆயிற்று. பத்துக்கும் பானுமதி ஒரே பதில்தான் சொன்னார்: "இல்ல."

பதினோராவது புரூஃபை வாங்குவதற்காக ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அபுதாஹிரின் அச்சகத்துக்குப் போனார். தாஹிர் தொழுகைக்குப் போயிருந்தார். நயினாரின் புரூஃப் மேஜையில் தயாராக இருந்தது. பக்கத்தில் இரண்டு அடுக்காக வேறு கார்டுகள் இருந்தன. பிறத்தியார் பத்திரிகையைக் கண்டால் புலியின் கை சும்மா இருக்குமா? எடுத்தார். எழுத்து என்ன பாஷை என்றே தெரியவில்லை. திறக்கப் பார்த்தால் வலது பக்கமிருந்து திறந்தது. வெள்ளைக் காகிதம், கறுப்பு மை, சுற்றிலும் கறுப்புக் கோடு. கருமாதிப் பத்திரிகையோ என்று புரட்டினால், அடியில் ஒரு வரி இங்கிலீஷில் கல்யாணம் என்று போட்டிருந்தது!

அவருக்கு மனசு தாங்கவில்லை. எந்த ஊர்ப் பெண்ணோ, பாவம், கல்யாணப் பத்திரிகையில் ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லாமல் போவதா? மஞ்சள் பொட்டலம் இல்லாமல் அவர் எந்த அச்சகத்துக்கும் போனதில்லை. பாட்டில் மூடியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலே இருந்த இருபது கார்டுகளுக்கு நாலு மூலையிலும் அழகாக மஞ்சள் வைத்தார்.

"யா அல்லாஹ்!" என்று வாசலிலேயே நின்றுவிட்டார் அபுதாஹிர். "அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அது யூதங்க வீட்டுக் கல்யாணக் கார்டு. எனக்கு வெளிநாட்டுலேருந்து வந்த மொத ஆர்டரு. எக்ஸ்ட்ரா அடிச்சிருக்கேன், அதை எடுத்து மாத்துறதுக்குள்ள அந்த ஆளு வந்துரக் கூடாதே!"

அந்த ஆள் அப்போதே வந்துவிட்டார். ஹெர்ஷல் என்று பெயர். பெல்ஜியத்துக்காரர், பன்னிரண்டு வருஷமாக பாந்த்ரா பக்கம் பி.கே.சி. வைரச் சந்தைக்கு வைரம் வாங்க வருகிறவர். யூதர்களில் குருமார் வழி நடக்கும் ஹசீது மரபு. தாராவி வெயிலில் முழங்கால் வரை கறுப்புக் கோட்டு, காதோரம் சுருள் முடி, நெஞ்சு வரை தாடி. இந்தி மட்டும் சுத்தமான பம்பாய் இந்தி. உட்காரச் சொல்வதற்குள் கோட்டுப் பையிலிருந்து வைரம் பார்க்கும் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, கார்டை உச்சியிலிருந்து வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"ம்ம்" என்றார்.

நயினாருக்கு உடம்பு சிலிர்த்தது. அட, நம்ம ஆள்!

"யே க்யா ஹை?" என்று மூலையைக் காட்டிக் கேட்டார் ஹெர்ஷல்.

"ஹல்தி, சேட். லட்கிக்காக. பொண்ணு நல்லா இருக்கணும்னு நான்தான் வச்சேன்" என்று பாதி இந்தியும் பாதித் தமிழுமாக நயினார் ஒப்புக்கொண்டார்.

ஹெர்ஷல் தாடி குலுங்கச் சிரித்தார். மஞ்சள் வைத்த அடுக்கில் பெண்ணின் பெயரே கிடையாதாம்! அவருடைய தங்கை மகள்தான் பெண். பெண் வீட்டார் ஒரு குருவின் கூட்டம், மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு குருவின் கூட்டம். "உனக்கு நாங்க எல்லாரும் ஒரே கறுப்புக் கோட்டு. ஆனா அவங்க தொப்பி எங்க தொப்பியைவிட ரெண்டு விரல் உசரம்" என்றார். மாப்பிள்ளை கூட்டத்தில் பெண்ணின் பெயரை ஊரறியப் போடுவது அடக்கமில்லை என்று 'புகழுக்குரிய மணமகள்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெண் கூட்டத்தில் பெயர் போடுவார்கள். மூன்று மாதம் சண்டை. கடைசியில் ஆளுக்கொரு பத்திரிகை என்று முடிவாகி, இரண்டு அடுக்கு.

"மூணு மாசமா!" நயினாருக்கு அந்த ஜனங்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "பொண்ணு பேரே இல்லாம ஒரு பத்திரிகையா? எங்க பத்திரிகையைப் பாருங்க சேட்!" என்று பதினோராவது புரூஃபை விரித்தார்.

"படோ" என்றார் ஹெர்ஷல்.

நயினார் வாசித்தார். தாத்தாக்கள், பெரியப்பாக்கள், காலஞ்சென்ற கொள்ளுத்தாத்தா, தாய்மாமன்மார் மூன்று பேர், சான்பாடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட மச்சான் பூலோகம், சங்கத்துப் பொருளாளர் வரைக்கும் மூச்சு வாங்க வாசித்தார். ஒவ்வொருவரும் பெண்ணுக்கு யார் என்று கேட்டு ஹெர்ஷல் விரல் விட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லாரும் சரி. மா கா நாம் கிதர்? பெண்ணோட அம்மா பேர் எங்கே?"

"இதோ இருக்கே" என்று நயினார் விரலை வைத்தார். விரலுக்கடியில் 'திரு. & திருமதி ஆறுமுகநயினார்' என்று இருந்தது.

விரல் அங்கேயே நின்றது.

"எங்க ஆளுங்க ஒரு பேரை விடுறதுக்கு மூணு மாசம் சண்டை போட்டாங்க" என்றார் ஹெர்ஷல். "நீ சண்டையே போடாம விட்டுட்டியே!"

அபுதாஹிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்டுகளை மாற்றி அடுக்கினார். பத்து புரூஃபுக்கும் பானுமதி சொன்ன ஒவ்வொரு 'இல்ல'வும் நயினாரின் காதில் வரிசையாக ஒலித்தது. பாவி மனுஷன், பெண்டாட்டியின் அண்ணன் தம்பி மூன்று பேரையும் பட்டத்தோடு போட்டிருக்கிறார், அவளை விட்டுவிட்டார். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. பேனாவை எடுத்தார்.

சாயங்காலம் பன்னிரண்டாவது புரூஃப் வீட்டுக்குப் போயிற்று. 'பானுமதி - ஆறுமுகநயினார்' என்று அவர் பெயருக்கு முன்னால் அவள் பெயர். பானுமதி வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல யார் வீட்டுக்குப் போகணும்? தட்டை எடுக்கேன்" என்றார்.

புலி திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? இப்போதெல்லாம் எந்தப் பத்திரிகை வந்தாலும் அவர் விரல் நேராக அங்கேதான் போகிறது. "அம்மா பேரு எங்கவே? நாப்பது வருசமா நான் சொல்லிட்டு வாரேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்!" என்கிறார். உள்ளே பானுமதி தாளிக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கும் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, உச்சியிலிருந்து விரல் வைத்து வாசித்துப் பாருங்கள். வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுங்கள். அந்தக் குறை அவர்களுக்கு எப்போதோ தெரியும்.